மேசைக் கால் ஆடுதா? ஆணியைக் கீழ வைங்க!

மேசை ஆடினா நம்ம ஆளுங்க முதல்ல தேடறது சுத்தியலும் ஆணியும்தான். வேணாம் சாமி! அதுலயும் அரியூர் நாடு மாதிரி மலை ஊர்ல வேணவே வேணாம்.

கால்ல இருக்கற துளைக்குள்ள சட்டத்தோட முனை, அதாவது கழுந்து, இறங்கி உக்காந்திருக்கும். கொல்லிமலை மழைக்கு மரம் ஈரம் குடிச்சு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். வருஷாவருஷம் இப்படியே நடந்தா பிடி தளரத்தான் செய்யும். அங்க போய் ஆணி அடிச்சா கொஞ்ச நாள் நிக்கும். அப்புறம் ஆணி இறங்கின இடத்துல மரமே பிளந்துடும்.

காலைக் கழட்டுங்க. பழைய பசையைச் சுரண்டுங்க, அது மேல புதுசு ஒட்டாது. இடைவெளி இருந்தா கழுந்துல மெல்லிசா ஒரு மரச்சீவலை ஒட்டுங்க. மிளகுக்கொடி ஏத்தற சில்வர் ஓக்ல காய்ஞ்ச துண்டு கிடைக்காமலா போகும்? ஃபெவிக்கால் தடவிப் பொருத்தி, கயித்தால இறுக்கிக் கட்டி, சமதரையில 24 மணி நேரம் விட்டுடுங்க.

புது மேசைன்னா 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். வண்டி வாடகையை நெனைச்சுப் பாருங்க! கழுந்தே ஒடிஞ்சிருந்தா மட்டும் ஆசாரியைக் கூப்பிடுங்க. அவர்கிட்டயும் ஆணி வேணாம்னு சொல்லிடுங்க :-)