கித்தேரியம்மாளும் நாய்க்கடியும்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம் பகுதியில் இராது. அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அடைக்கல மாதாவின் பெயரால் ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவரைத் தேம்பாவணியின் ஆசிரியராகப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதே முனிவர் ஒரு கன்னிகையின் வரலாற்றை அம்மானையாகவும் பாடி வைத்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ‘கித்தேரியம்மாள் அம்மானை’ என்பது அந்நூலின் பெயர். நூலின் நயம் பேசுவது இம்மாதம் நம் நோக்கமன்று. வெறிநாய்க்கடியைப் பற்றிச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத் துணையாகவே இப்புனிதையை அழைத்துக்கொள்கிறோம்.

கித்தேரியம்மாள் போர்த்துக்கல் நாட்டவள் என்பது மரபு. ஐரோப்பியர் அவளைக் கித்தேரியா என்று அழைப்பர். ஒரே பேற்றில் பிறந்த ஒன்பது பெண்மக்களுள் ஒருத்தியாய்த் தோன்றி, தந்தை குறித்த மணத்தை மறுத்து, கன்னிமையையும் விசுவாசத்தையும் காத்து, வாளுக்கு இரையானாள் என்பர். இதில் பெரும்பகுதி வாய்வழிக் கதையே என்பது வரலாற்றறிஞர் கருத்து. ஆயினும் போர்த்துக்கல், ஸ்பெயின், தென்பிரான்சு நாடுகளின் உழவர் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக அவளை வெறிநாய்க்கடிக்குப் பாதுகாவலியாகக் கொண்டு வேண்டி வந்திருக்கின்றன. ஓவியங்களில் அவள் அருகே ஒரு நாய் நிற்பதைக் காணலாம். அவளுடைய திருநாள் மே 22.

அம்மானை என்பது தமிழ்ப் பெண்களின் விளையாட்டு. காய்களை வீசிப் பிடித்துக்கொண்டே பாடுவர். பின்னர், எளிய மக்கள் கூடியிருந்து கேட்கும் நீண்ட கதைப்பாட்டுக்கும் அதுவே பெயராயிற்று. தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணத்தையும், 1732-இல் சதுரகராதியையும் தந்த புலவர், ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல இவ்வெளிய வடிவத்தைத் தேர்ந்துகொண்டார். புலவர் அவைக்குத் தேம்பாவணி. திண்ணைக்கும் முற்றத்துக்கும் அம்மானை. வேதம் வீட்டினுள் நுழைவது பெண்கள் வழியாகத்தான் என்பதை இத்தாலியிலிருந்து வந்த அந்தத் துறவி நன்றாகவே கண்டுகொண்டிருந்தார் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஏலாக்குறிச்சியில் இன்னொரு செய்தியும் வழங்குகிறது. அரியலூர்ப் பாளையக்காரராகிய அரங்கப்ப மழவராயர் முதுகில் ராஜபிளவை கண்டு துன்புற்றார், வைத்தியர் பலர் பார்த்தும் தீரவில்லை, முனிவர் அடைக்கல அன்னையை வேண்டி, அவ்விடத்து மண்ணைப் புண்ணின்மீது இட்டார், பிளவை ஆறியது, நன்றியாகப் பாளையக்காரர் ஆலயத்திற்கு நிலம் வழங்கினார். சொல்பவர்க்கு ஏற்பக் கதை சிறிது மாறும்; பச்சிலையும் சேர்த்து இட்டார் என்பாரும் உண்டு. பிளவை என்றதும் இக்கால மருத்துவர் முதலில் இரத்தத்தில் சர்க்கரையைத்தான் சோதிப்பார் என்பது வேறு. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே. கதையிலும்கூட முனிவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. வேண்டினார், புண்ணைத் தொட்டார், மருந்தென ஒன்றை இட்டார். மருத்துவ நூல்கள் சிலவும் அவர் பெயரால் தமிழில் வழங்கிவருவது இதனால்தானோ என்னவோ!

ஆண்டவர் இயேசுவும் பிறவிக் குருடனுக்கு ஒரு சொல்லால் மட்டும் பார்வை அளிக்கவில்லை. மண்ணைக் குழைத்துக் கண்களில் பூசி, சீலோவாம் குளத்துக்குச் சென்று கழுவும்படி அனுப்பினார். சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரமோ இன்னும் வெளிப்படை. நோயுற்றவன் செபிக்கவும் வேண்டும், மருத்துவனுக்கு இடமளிக்கவும் வேண்டும், மருந்தைப் படைத்தவரும் ஆண்டவரே என்பது அங்கே நாம் காணும் போதனை.

இவ்விரண்டையும் ஒரே கையில் ஏந்திய பெண்களை அறிய மத்திய கால ஜெர்மனிக்குச் செல்லவேண்டும். 1098-இல் பிறந்த புனித ஹில்தெகார்து, சிறுமியாய் இருக்கையிலேயே இறைவனுக்கென ஒப்புக்கொடுக்கப்பட்டவள். பின்னாளில் ரைன் நதிக்கரையில் பிங்கன் அருகே கன்னியர் மடம் நிறுவித் தலைவியாய் விளங்கினாள். தான் கண்ட காட்சிகளை நூலாக்கியவள் அவளே. செடி, மரம், மீன், கல் ஆகியவற்றின் மருத்துவ குணங்களை எழுதியவளும், மாதவிலக்கையும் மகப்பேற்றையும் பற்றி நாணாமல் எழுதியவளும் அவளே. படைப்பு முழுவதிலும் ஒரு ‘பசுமை’ ஓடுகிறது, உடலில் அது வற்றுவதே நோய், ஆன்மாவில் வற்றுவதே பாவம் என்பது அவள் எண்ணம். அவள் சொன்ன மருந்துகள் யாவும் பலிப்பவை அல்ல. கற்களைக் கொண்டு நோய் தீர்க்கும் முறையை இன்று எவரும் கைக்கொள்ள வேண்டுவதில்லை. என்றாலும், நோயாளியின் நாடியையும் அவன் மனத்தையும் சேர்த்துப் பார்த்த அப்பார்வை பழையதாகிவிடவில்லை. முதுமையில், திருச்சபையினின்று விலக்கப்பட்டிருந்த ஒருவரைத் தம் மடத்து நிலத்தில் அடக்கம் செய்ததற்காக, மைன்ஸ் நகரத்து அதிகாரிகள் மடத்தில் திருப்பலியையும் பாடலையும் தடை செய்தனர். அம்மனிதர் மனந்திரும்பி மன்னிப்புப் பெற்றே இறந்தார் என்று வாதாடித் தடையை நீக்கச் செய்து, 1179-இல் அவள் கண்மூடினாள். திருச்சபை அவளை மறைவல்லுநராக அறிவித்தது 2012-இல். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல்! நம் திருச்சபையின் நிதானம் உலகறிந்தது.

மற்றொருத்தி மெக்டில்டு. மக்தபுர்க் நகரில் வாழ்ந்த இவள், இலத்தீனை விடுத்துத் தன் தாய்மொழியாகிய ஜெர்மன் மொழியிலேயே இறையனுபவத்தை எழுதினாள். அந்நூலை எரித்துவிடுவர் என்ற எச்சரிக்கையும் அவளுக்கு வந்தது. முதுமையில் ஹெல்ஃப்தா கன்னியர் மடத்தில் அடைக்கலம் புகுந்து, பார்வை மங்கிக் கைகால் தளர்ந்த நிலையில், அம்மடத்துச் சகோதரிகளின் கண்களும் கைகளும் தன்னுடையவை ஆயின என்று நன்றி கூறினாள். அவர்கள் உணவூட்டினர், அவள் சொல்லச் சொல்ல எழுதினர். இது செபமா, பணிவிடையா? பிரித்துச் சொல்ல நம்மால் இயலவில்லை.

ஆனால் பிற்காலத்தில் பிரிவினை வரவே செய்தது. கன்னியர்கள் நோயாளிக்குப் பணிவிடை செய்யலாம். மருத்துவராய்த் தொழில் புரிவதும் பிரசவம் பார்ப்பதும் துறவுக்கு ஒவ்வாதவை என்று திருச்சபைச் சட்டம் தடுத்து வந்தது. ஆண் மருத்துவரிடம் செல்லலாகாது என்ற வழக்கத்தால் வட இந்தியாவின் திரையிட்ட வீடுகளில் தாய்மார் மடிவதைக் கண்ட ஸ்காத்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன் அம்மையார், முதுமையிலும் உரோமைக்குச் சென்று முறையிட்டார். அவர் வழியில் வந்த ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் அன்னா தெங்கல் அம்மையார் 1925-இல் மருத்துவ மறைபணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். தடை நீங்கியது 1936 பிப்ரவரி 11 அன்று. லூர்து மாதா திருநாளிலேயே அந்த ஆணை வெளியாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பக்தியின் பெயரால் காத்திருந்து இறந்த தாய்மாரை எவர் எண்ணினர்?

அத்தகைய காத்திருப்பு இன்றும் நம் சிற்றூர்களில் உண்டு. ஆகவேதான் கித்தேரியம்மாளின் நாயிடம் திரும்பி வருகிறோம். ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டுக்கு விடியலில் செல்லும் பெண்ணை, பெரம்பலூர்ச் சீமையில் பருத்தி எடுக்கப் போகும் பெண்ணைத் தெருநாய் கடிக்கிறது. வீட்டார் காயத்தில் சுண்ணாம்பையோ மிளகாய்ப் பொடியையோ அப்புகின்றனர். மந்திரித்துக் கயிறு கட்டுகின்றனர். நம்மவரானால் மாதா கோவில் எண்ணெயைத் தடவி நேர்ச்சை செய்துகொள்கின்றனர். மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போகும். பிள்ளையைக் கடித்திருந்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாய், தன்னைக் கடித்ததை முந்தானையால் மறைத்துக்கொள்கிறாள்.

நேர்ச்சை பலித்தது என்று சாட்சி சொல்வோரும் இருக்கின்றனர். நாம் அவர்களைப் பொய்யர் என்று சொல்லமாட்டோம். கடிக்கும் நாயெல்லாம் வெறிநாய் அன்று. வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை. ஆனால் வந்துவிட்டால்? தண்ணீரைக் கண்டு அஞ்சும் நிலை ஏற்பட்ட பின் பிழைத்தோர் உலகிலேயே மிக மிக அரியர். நோய் வெளிப்பட வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதற்குள் கடியே மறந்துபோயிருக்கும். பிழைத்தவர் கோவிலுக்கு வந்து சாட்சி சொல்வர். மாண்டவர் வருவதில்லை.

1885-இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்தர் என்னும் சிறுவனுக்கு முதன்முதல் இத்தடுப்பூசியைச் செலுத்திக் காப்பாற்றினார். 1907-இல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் எழுந்தது. தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிகளின் அச்சம் பாட்டிமார் வாயிலாக இன்னும் நிலைத்திருக்கிறது. அந்த ஊசி இப்போது இல்லை. புயத்தில் போடுகின்றனர், வலியும் சிறிதே.

செய்ய வேண்டியது இதுதான். கடித்த உடனே, ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவவேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டா. தீர்த்தம் தெளிக்க விரும்பினால் நெற்றியில் தெளித்துக்கொள்ளலாம். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லவேண்டும், ஊசிக்குக் கட்டணமில்லை. காயம் ஆழமானால், காயத்தைச் சுற்றியே செலுத்தும் வேறொரு மருந்தும் தேவைப்படும். அதற்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் தயங்காமல் போகவேண்டும். அரியலூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டு நாய்க்குட்டிதானே, நகக்கீறல்தானே, பூனைதானே என்று விட்டுவிடலாகாது.

தோலினுள் செலுத்தும் முறையில், முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களில் மற்ற ஊசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் இரண்டுக்கு எல்லோரும் செல்கின்றனர். காயம் ஆறிவிட்டபின் இருபத்தெட்டாம் நாளை நினைவில் வைப்பவர் சிலரே. வயலில் வேலை அதிகமாய் இருந்தால் கேட்கவே வேண்டா. மரியாயின் சேனைச் சகோதரிகள் வாரந்தோறும் வீடு சந்திக்கச் செல்கையில் கையில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பார்களன்றோ? நாய் கடித்தவர் உள்ள வீட்டில் செபமாலை முடிந்ததும் மருத்துவமனைச் சீட்டை வாங்கிப் பார்த்து, அடுத்த ஊசியின் தேதியை அதில் எழுதிக்கொள்ளட்டும். தேதிக்கு முந்தின நாள் மாலை, மறுபடியும் ஒருமுறை அவ்வீட்டுப் படியேறட்டும்.