பழைய டீசல் கார் வாங்கலாமா? வரவு செலவு பார்த்து முடிவெடுப்போம்

மானாவாரி மக்காச்சோளம் விற்ற பணம் கைக்கு வந்ததும், பெரம்பலூர் பக்கத்து விவசாயி ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். படைப்புழு பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"சார், பத்து வருஷம் ஓடுன டீசல் கார் ஒண்ணு நாலு லட்சத்துக்கு வருது. அதே வருஷத்துப் பெட்ரோல் வண்டி மூணு லட்சத்துக்கு இருக்கு. ஒரு லட்சம் கூடப் போட்டு டீசல் வாங்கினா எரிபொருள்ல மிச்சமாகிடும்ல? பெட்ரோல்ல வேற இப்ப எத்தனால் கலக்குறாங்க."

பயிற்சி முகாம்களில் தேநீர் இடைவேளையில் இதே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். நான் பயிர் சாகுபடி படித்தவன், மெக்கானிக் அல்ல. ஆனால், ஒரு உரத்துக்குச் செலவிடும் பணம் விளைச்சலில் திரும்புமா என்று பார்க்கும் அதே வரவு செலவுக் கணக்கு காருக்கும் பொருந்தும். தவிர, இந்த விஷயத்தில் நானே பணத்தைக் கொடுத்துப் பாடம் கற்றவன்.

டீசலுக்கு நல்ல பெயர் வந்த கதை

2012ஆம் ஆண்டின் நடுவில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாயை ஒட்டி விலை வித்தியாசம் இருந்தது. டீசல் விலையை அரசு மானியம் கொடுத்துக் கட்டுப்படுத்தி வைத்திருந்ததே காரணம். அப்போது டீசல் கார் வாங்கியவர்கள் லாபம் பார்த்தார்கள். 2013 ஜனவரியிலிருந்து டீசல் விலை சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது. 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முழுவதுமாக நீக்கப்பட்டது. 2025இல் சென்னையில் பெட்ரோல் சுமார் 101 ரூபாய், டீசல் சுமார் 92 ரூபாய். 30 ரூபாயாக இருந்த வித்தியாசம் 9 ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதற்கேற்பச் சிறிய டீசல் என்ஜினை மாற்றும் செலவு கட்டுப்படியாகாது என்று மாருதி சுசூகி டீசல் கார் தயாரிப்பையே நிறுத்தியது. அதனால் இன்று பழைய கார் சந்தைக்கு வரும் சிறிய டீசல் கார்களில் பெரும்பாலானவை 2020க்கு முந்தியவை. மானிய காலத்தில் கிடைத்த நல்ல பெயரை வைத்துத்தான் அவை இன்றும் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன.

கிலோமீட்டர் கணக்கு

பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ., டீசல் கார் 20 கி.மீ. கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 6.73 ரூபாய், டீசலில் 4.60 ரூபாய். மிச்சம் சுமார் 2.10 ரூபாய். ஆனால் டீசல் காருக்கு என்ஜின் ஆயில், ஃபில்டர், கிளட்ச், டர்போ, இன்ஜெக்டர் என்று பராமரிப்பு கூடுதல். அதற்கு ஆண்டுக்கு 8,000 முதல் 12,000 ரூபாய் வரை ஒதுக்குவோம்.

* ஆண்டுக்கு 6,000 கி.மீ. ஓட்டினால், எரிபொருளில் மிச்சம் 12,600 ரூபாய். கூடுதல் பராமரிப்பு 8,000 போக நிற்பது 4,600. கூடக் கொடுத்த ஒரு லட்சம் திரும்ப 21 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

* 12,000 கி.மீ. ஓட்டினால், மிச்சம் 25,200. பராமரிப்பு 10,000 போக 15,200. ஒரு லட்சம் திரும்ப ஆறரை ஆண்டுகள்.

* 24,000 கி.மீ. ஓட்டினால், மிச்சம் 50,400. பராமரிப்பு 12,000 போக 38,400. இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்று மேல் போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது காரின் வயது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பத்து வருடக் காருக்கு மிச்சம் இருப்பது ஐந்து ஆண்டுகள். அதன் பிறகு தகுதிச் சான்று பெற்றுப் பதிவைப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரி தனி. ஆகவே, கூடக் கொடுத்த பணம் ஐந்து ஆண்டுகளுக்குள் திரும்ப வேண்டும். இந்தக் கணக்கின்படி ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டுபவருக்குப் பத்து வருட டீசல் கார் கட்டுப்படியாகாது. உங்கள் ஊர் விலையையும் வண்டியின் மைலேஜையும் போட்டு இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

டிராக்டர் வேறு, கார் வேறு

"டீசல் என்ஜின் உழைக்கும் சார், என் டிராக்டர் இருபது வருஷமா ஓடுது" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த டிராக்டரில் இருப்பது பழைய மெக்கானிக்கல் பம்ப். காரில் இருப்பது காமன் ரயில் முறை. அதில் ஆயிரம் பாருக்கும் அதிகமான அழுத்தத்தில், மயிரிழை போன்ற துளை வழியாக டீசல் பீய்ச்சப்படுகிறது. பம்ப்செட்டுக்காகக் கேனிலும் பேரலிலும் பிடித்து வைத்த டீசலில் தண்ணீரும் தூசியும் இருக்கும். டிராக்டர் அதைத் தாங்கலாம், காரின் இன்ஜெக்டர் தாங்காது. பேரல் டீசலைக் காரில் ஊற்றவே வேண்டாம்.

இன்னொன்று, ஓட்டும் விதம். 2017இல் நான் ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன். குடியிருப்பிலிருந்து ஆராய்ச்சிப் பண்ணைக்கு 4 கி.மீ. தினமும் போவதும் வருவதும் அவ்வளவுதான். என்ஜின் சூடேறும் முன்பே வண்டியை நிறுத்திவிடுவேன். இரண்டே ஆண்டில் கரும்புகை கக்கியது. புகையை மறுசுழற்சி செய்யும் வால்வு கரி பிடித்து அடைத்துவிட்டது, இரண்டு இன்ஜெக்டரும் போயின. 48,000 ரூபாய் செலவானது. விற்றவர் ஏமாற்றவில்லை, என் ஓட்டத்துக்குப் பொருந்தாத வண்டியை நான்தான் வாங்கினேன்.

பி.எஸ்.6 டீசல் கார்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி எரிந்து போக, நெடுஞ்சாலையில் கால் மணி நேரமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். வீட்டிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து உரக் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும்.

எத்தனாலுக்குப் பயந்து ஓட வேண்டுமா?

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் பாகங்கள் இதைத் தாங்கும். அதற்கு முந்திய கார்களில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று மத்திய அரசே கூறியிருக்கிறது. 15 கி.மீ. கொடுத்த கார் 6 சதவீதம் இழந்தால் 14.1 கி.மீ. கொடுக்கும். கிலோமீட்டருக்கு 43 காசு கூடுதல், 6,000 கி.மீ.க்குச் சுமார் 2,600 ரூபாய். இது இழப்புதான். ஆனால் இதைத் தவிர்க்க ஒரு லட்சம் கூடக் கொடுப்பதில் பொருளில்லை.

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் எரிபொருள் வரும் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் வண்டியை அரை டேங்க் பெட்ரோலுடன் நிறுத்தி வைக்கக் கூடாது. அந்த எத்தனாலில் ஒரு பங்கு மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. கோழித் தீவன ஆலைகளுக்கு அடுத்து நம் விளைபொருளுக்கு இன்னொரு வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறார் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

மலிவாக வரும் வெளிமாநில வண்டி

டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பின்னர் சில தளர்வுகள் வந்தாலும், அங்கே விலை போகாத வண்டிகள் தெற்கே வருவது நிற்கவில்லை. விலை மலிவுதான். ஆனால் அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். இவற்றையும் சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். கரும்புகை, நீலப்புகை தொடர்ந்து வந்தால் வேண்டாம்.

* என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை வேகமாகத் தள்ளினால் உள்ளே தேய்மானம் அதிகம்.

* ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் மட்டும் பார்க்காமல் சர்வீஸ் பதிவுகளோடு ஒப்பிடுங்கள்.

* தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சேற்று வாடையும், இருக்கைக்கு அடியில் துருவும் இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம்.

* ஆர்.சி.யில் வங்கிக் கடன் இருந்தால், படிவம் 35 கொடுத்து அதை நீக்கிய பிறகே முழுப் பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பெரம்பலூர் விவசாயியிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "மாசத்துக்கு எவ்வளவு ஓட்டுவீங்க?" வாரம் இரண்டு முறை டவுனுக்கு, எப்போதாவது உறவினர் வீட்டு விசேஷம், எல்லாம் சேர்த்து 500 கி.மீ. என்றார். கணக்கைப் போட்டுக் காட்டினேன். மூன்று லட்சத்துக்குப் பெட்ரோல் வண்டியை எடுத்தார். மிச்சமான ஒரு லட்சம் அடுத்த பட்டத்து விதைக்கும் உரத்துக்கும் இருக்கிறது. தினமும் 70 கி.மீ. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய் வரும் காய்கறி விவசாயி இதே கேள்வியைக் கேட்டிருந்தால், நல்ல நிலையில் உள்ள டீசல் வண்டியையே எடுக்கச் சொல்லியிருப்பேன்.