என்ஜின் மூடியைத் திறக்காத ஓனர்கள்

டி.வி.எஸ். 50 வைத்திருந்தவர்கள் வீட்டில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் திண்ணை ஓரம் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி, மறுபடி மாட்டுவார்கள். ஒரே மிதியில் வண்டி கிளம்பிவிட்டால் அன்று முழுக்க முகத்தில் ஒரு பெருமை!

இதே ஸ்பார்க் பிளக் வேலையை ஒருவர் தன்னுடைய சொந்த விமானத்தில் செய்தால்?

"விளையாட்டா இது? நடு வானத்தில் நின்றுபோனால் ஓரமாக நிறுத்த முடியுமா?" என்றுதான் கேட்கத் தோன்றும். அமெரிக்காவில், விமானம் வைத்திருப்பவர்களிலேயே கூடப் பலர் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, சாவியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். பொறுப்பானவர்களாம்!

உண்மையில் அவர்கள்தான் பொறுப்பைத் தட்டிக் கழிப்பவர்கள்.

சொந்த விமானமா என்று வாயைப் பிளக்க வேண்டாம். தொழிலதிபர்களின் ஜெட் விமானங்களைப் பற்றிய பேச்சு அல்ல இது. அமெரிக்காவில் விமான நிறுவனங்களுக்கும் ராணுவத்துக்கும் சொந்தமில்லாத விமானங்கள் மட்டும் சுமார் 2 லட்சம் இருக்கின்றன. அதில் பெரும்பங்கு ஒற்றை பிஸ்டன் என்ஜின் கொண்ட குட்டி விமானங்கள். நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 ஒன்றே போதும் உதாரணத்துக்கு. 1956-ல் விற்பனைக்கு வந்து, இதுவரை 44,000-க்கு மேல் தயாரிக்கப்பட்ட விமானம் அது. 1986-ல் செஸ்னா நிறுவனம் பிஸ்டன் விமானத் தயாரிப்பை நிறுத்தி, பத்து வருடம் கழித்து 1996-ல்தான் மறுபடி தொடங்கியது. அதனால் இன்று பறக்கும் 172-களில் ஏராளமானவை ஓட்டுகிறவரை விட வயதில் மூத்தவை!

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் (எஃப்.ஏ.ஏ.) விதிமுறைகளில் பகுதி 43 என்று ஒன்று இருக்கிறது. உரிமம் பெற்ற விமானி, தான் வைத்திருக்கும் அல்லது ஓட்டும் விமானத்தில் 'தடுப்புப் பராமரிப்பு' வேலைகளைத் தானே செய்யலாம். செய்து முடித்து, பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போட, குறைந்தது தனியார் விமானி உரிமமாவது இருக்க வேண்டும். விமான நிறுவனங்களிலோ, வாடகைக்குப் பயணிகளை ஏற்றும் சேவையிலோ ஓடும் விமானமாக இருக்கக் கூடாது. எந்தெந்த வேலை என்று முப்பது சொச்சம் வரிகளில் ஒரு பட்டியலும் உண்டு. டயர் மாற்றுவது, சக்கர பேரிங்குக்கு கிரீஸ் போடுவது, பேட்டரி மாற்றுவது, ஆயில் ஃபில்டரைச் சுத்தம் செய்வது அல்லது மாற்றுவது, ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து இடைவெளி சரிசெய்வது... இப்படிப் போகும். சிலிண்டரைக் கழற்றுவது, மேக்னீட்டோ டைமிங்கை மாற்றுவது எல்லாம் அதில் கிடையாது. அதற்கு மெக்கானிக்தான்.

எல்லாருக்கும் தெரிந்த சலுகை இது. ஆனால் பகுதி 91-ல் இருக்கும் இன்னொரு விதியை யாரும் பேசுவதில்லை. விமானத்தைப் பறக்கத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் முதன்மைப் பொறுப்பு அதன் ஓனருக்கு அல்லது அதை இயக்குபவருக்கு என்கிறது அது. மெக்கானிக் தான் செய்த வேலைக்குப் பொறுப்பு. மொத்த விமானத்துக்கும் ஓனர் பொறுப்பு.

ஒரு கம்பெனியின் கணக்கைச் சரியாக வைத்திருப்பது டைரக்டர்களின் பொறுப்பு. ஆடிட்டர் வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துத் தன் கருத்தைச் சொல்வார், அவ்வளவுதான். "ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று ஒரு டைரக்டர் சொன்னால் சிரிப்போம் அல்லவா? சிறு விமானங்களுக்கும் 12 மாதங்களுக்கு ஒருமுறை, ஆய்வு அதிகாரம் பெற்ற மெக்கானிக் செய்யும் வருடாந்திரச் சோதனை கட்டாயம். அது ஆடிட். நடுவில் இருக்கும் பதினோரு மாதமும் கணக்குப் புத்தகத்தைத் திறக்காத டைரக்டர்தான், என்ஜின் மூடியைத் திறக்காத ஓனர்.

இனி என்ஜினுக்குள் போவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

செஸ்னா 172-ன் நான்கு சிலிண்டர் என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு ஸ்பார்க் பிளக்குகள். நாலு மேலே, நாலு கீழே. இந்தியாவில் வாகனப் பெட்ரோலிலிருந்து ஈயம் 2000-லேயே ஒழிந்துவிட்டது. சிறு விமானங்கள் பரவலாகப் போடும் 100எல்எல் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இன்னும் இருக்கலாம். தரையில் மெதுவாக உருண்டு போகும்போது எரிபொருள் கலவையைக் குறைக்காமல் விட்டால், அந்த ஈயம் சரியாக எரிந்து வெளியேறாமல் கீழ்ப் பிளக்குகளில் குட்டிக் குட்டி உருண்டைகளாக உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் பிளக் பொறி கக்காது. என்ஜின் உதறும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஈய உருண்டைகள் யாருடைய பழக்கத்தைக் காட்டுகின்றன? ஓட்டியவருடைய பழக்கத்தை! கலவைக் கைப்பிடியை இழுக்க மறந்தவர் அவர். ஆனால் பிளக்கைப் பார்ப்பவர் மெக்கானிக். அவர் உருண்டைகளைச் சுரண்டிப் போட்டு, பில்லில் "பிளக் சுத்தம் செய்தது" என்று ஒரு வரி எழுதுவார். ஓனர் பணத்தைக் கட்டுவார். அடுத்த வாரம் மறுபடி அதே மாதிரி ஓட்டுவார். தப்பு செய்தவருக்குத் தப்பு தெரியவே தெரியாது. அந்த எட்டு பிளக்குகளையும் ஒரே ஒருமுறை தன் கையால் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தவர், ஆயுசுக்கும் கலவைக் கைப்பிடியை மறக்க மாட்டார்.

ஒரு பிளக் மட்டும் எண்ணெயில் குளித்து வந்தால் அந்த சிலிண்டரின் ரிங் தேய்ந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். எட்டையும் சேர்த்து ஒரு டப்பாவில் போட்டுவிட்டால் இதுவும் போச்சு. எது எங்கிருந்து வந்தது என்ற அடையாளத்தில்தான் செய்தியே இருக்கிறது.

ஆயிலும் அப்படித்தான். முழு ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரம், வெறும் சல்லடை என்றால் 25 மணி நேரம், எப்படியிருந்தாலும் நான்கு மாதத்துக்குள் ஆயில் மாற்று என்கிறது லைகாமிங் நிறுவனம். மணிக் கணக்கு எல்லாருக்கும் நினைவிருக்கும். "நான்கு மாதம்" என்பதைத்தான் வசதியாக மறந்துவிடுகிறார்கள். "பறக்கவே இல்லையே, ஆயில் புதுசாகத்தானே இருக்கும்?" என்று ஒரு கேள்வி வேறு!

லைகாமிங் என்ஜின்களில் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. வாரக்கணக்கில் சும்மா நின்றால் அதன் மேல் இருந்த ஆயில் வழிந்து இறங்கிவிடும். ஈரமும், பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் சேர்ந்து துரு பிடிக்க வைக்கும். அடுத்த முறை கிளப்பும்போது துருப்பிடித்த பரப்புகள் ஒன்றோடொன்று உரசி, உலோகத் துகள்களாக உதிரும். அந்தத் துகள் ஃபில்டரில் வந்து சிக்கும். ஓடாமல் நிற்கும் என்ஜின்தான் சீக்கிரம் கெடுகிறது. பத்து நிமிடம் தரையில் ஓட விட்டு அணைப்பதும் உதவாது. ஈரத்தை விரட்டும் அளவுக்கு ஆயில் சூடாகாது.

ஃபில்டரை அதற்கென்று உள்ள கட்டரால் அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளைப் பிரித்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பளபளவென்று துகள் தெரிந்தால் காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் இரும்பு. உடனே மெக்கானிக்கிடம் ஓட வேண்டும். வானத்தில் என்ஜின் நின்றபின் தெரிய வேண்டிய செய்தி, தரையில் ஒரு மேஜைமேல் கிடைத்துவிடுகிறது. இதைப் பார்க்காமல் ஃபில்டரை அப்படியே குப்பையில் போடுவது, லேப் ரிப்போர்ட்டைப் படிக்காமல் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

"தொடாதே" கட்சிக்காரர்களின் அடுத்த வாதம்: "ஓனர் அரைகுறை. தப்பு செய்வார்."

செய்வார்தான். ஃபில்டருக்குப் பாதுகாப்புக் கம்பி கட்ட மறந்தால் அது தளர்ந்து, ஆயில் முழுக்க வெளியே போய்விடலாம். ஆனால் பயிற்சி பெற்றவர்கள் கை வைத்தால் மட்டும் தப்பே நடக்காதா? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கரையோரக் காவல் விமானப் படையில் சி.ஹெச். வாடிங்டன் என்ற உயிரியல் விஞ்ஞானி பணியாற்றினார். விமானங்கள் எப்போது பழுதாகின்றன என்று அவருடைய குழு கணக்கெடுத்தது. ஒவ்வொரு 50 மணி நேரச் சோதனை முடிந்தவுடன் பழுது ஏறியது, போகப் போகக் குறைந்தது, அடுத்த சோதனை வந்ததும் மறுபடி ஏறியது. அதாவது சோதனையே பழுதைக் கொண்டுவந்தது! 1978-ல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கையும் இதே திசையில்தான் போகிறது. பயணிகள் விமானங்களின் பாகங்களில் 89 விழுக்காட்டுக்கு, இத்தனை மணி நேரம் ஆனால் மாற்று என்று வயது வரம்பு வைப்பதால் பயனில்லை என்றார்கள். 68 விழுக்காட்டில் பழுது அதிகம் வருவது புதிதாக மாட்டிய ஆரம்ப நாட்களில்தான்.

ஆக, யார் தொட்டாலும் ஆபத்து உண்டு. தேவையில்லாமல் தொடாதே, அடிக்கடி பார், தொட்டால் சரியாகச் செய். இதுதான் பாடம். அடிக்கடி பார்க்க யாரால் முடியும்? இருபது விமானங்களுக்கு நடுவில் ஓடும் மெக்கானிக்காலா, ஒரே ஒரு விமானம் வைத்திருப்பவராலா? தொட்டபின் அதில் தன் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு பறக்கப் போவது யார்?

இத்தனை சொன்னதால் ஸ்பானர் பிடித்தவர் எல்லாம் உத்தமர் என்று ஆகிவிடாது. எதிர்க்கட்சியை விட மோசமானவர்கள் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மெக்கானிக் கூலியை மிச்சம் பிடிக்க மட்டும் மூடியைத் திறப்பவர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றுபவர்கள். கார் ஆயிலில் அழுக்கு நீக்க உலோகச் சேர்மானங்கள் உண்டு. அது எரிந்து மிஞ்சும் சாம்பல், காற்றால் குளிரும் விமான என்ஜினுக்குள் கங்கு மாதிரி நின்று, பிளக் பொறி விடுமுன்பே எரிபொருளைப் பற்ற வைத்துவிடும். கீழே விழுந்த பிளக்கைத் துடைத்து மாட்டுபவர்கள் இன்னொரு ரகம். உள்ளே இருக்கும் பீங்கானில் விழுந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. விழுந்த பிளக் குப்பைக்குத்தான் போக வேண்டும். இடைவெளி 0.016-லிருந்து 0.021 அங்குலத்துக்குள் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணளவும், டார்க் ரெஞ்ச் பிடிக்க வேண்டிய இடத்தில் கையளவும் போதும் என்பவர்களுக்கு டி.வி.எஸ். 50-தான் சரி.

இவர்களை விடவும் ஆபத்தானவர் ஒருவர் உண்டு. சாவியை அணைத்துவிட்டோமே என்று தைரியமாக புரொப்பெல்லரைக் கையால் திருப்புபவர். மேக்னீட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. அதை அணைக்கும் ஒரே ஒரு ஒயர் அறுந்திருந்தால், சாவி கையில் இருந்தாலும் என்ஜின் ஒரு சுற்றுக்கு உயிர் பெற்றுவிடும். கை போக அந்த ஒரு சுற்று போதும்.

கடைசியாக, லாக் புத்தகம். என்ன வேலை, எந்தத் தேதி, யார் செய்தது, கையெழுத்து, உரிம எண், உரிமத்தின் வகை. ஐந்து நிமிட வேலை. இதை எழுதாதவர்கள் நிறைய. "சின்ன வேலைதானே" என்கிறார்கள். எழுதாத வேலை, சட்டத்தின் கண்ணில் முடியாத வேலை. நாளைக்கு விமானத்தை வாங்கப் போகிறவருக்கும், அடுத்த வருடச் சோதனைக்கு வரும் மெக்கானிக்குக்கும், ஏதாவது நடந்துவிட்டால் விசாரிக்க வருகிறவர்களுக்கும் அந்த ஒரு வரிதான் சாட்சி. கையெழுத்துப் போட பயமாக இருக்கிறதா? அப்படியென்றால் அந்த வேலையைச் செய்யாதீர்கள். அந்த பயம் நல்ல பயம்.

1903-ல் ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு என்ஜின் செய்து கொடுத்தவர் அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர். ஆறே வாரத்தில் செய்தார். முதல் விமானத்தின் ஓனர்களும் சைக்கிள் ரிப்பேர் செய்து பிழைத்தவர்கள்தான். என்ஜின் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அவர்கள் யாரும் அதில் ஏறிப் படுக்கவில்லை.

அன்றைக்கு ஓனர், விமானி, மெக்கானிக் எல்லாரும் ஒரே கடைக்குள் இருந்தார்கள். இன்றைக்குப் பிரிந்து போயிருப்பது தவிர்க்க முடியாதது. ஆனால் வருடத்தில் மூன்று சனிக்கிழமை, ஆயில் மாற்றும் சாக்கில் என்ஜின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கக் கூட நேரமில்லை என்பவர், பக்கத்து சீட்டில் இன்னொருவரை உட்கார வைத்துப் பறக்க மட்டும் எங்கிருந்து நேரம் கண்டுபிடிக்கிறார்?