பாலாற்றங்கரை விஷத்துக்குப் பொறுப்பாளி யார்?

சோளிங்கர் மலையடிவாரத்தில் தக்கான் குளம் இருக்கிறது. அதில் முழுகினால் தீராத நோயும் தீரும் என்று ஊர் ஊராக ஜனங்கள் வருகிறார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும், அவர்களோடு நமக்கு வழக்கில்லை. நம்முடைய வழக்கு வேறு. அதே சோளிங்கரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது ராணிப்பேட்டை. அங்கே தண்ணீரே நோயாகிக் கிடக்கிறது. அதை நோயாக்கியது யார்?

'நிலத்தின் கோளாறு' என்று சிலர் கை கழுவப் பார்க்கிறார்கள். நிலத்தின் கோளாறு எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால் வங்காளத்தைப் பாருங்கள். அங்கே கங்கை கொண்டுவந்து போட்ட வண்டலிலேயே ஆர்சனிக் என்ற பாஷாணம் இருக்கிறது. குழாய்க் கிணறு தோண்டினார்கள். தண்ணீரோடு பாஷாணமும் மேலே வந்தது. சோதித்துப் பார்க்காமல் குடிக்கக் கொடுத்த குற்றம் அங்குள்ள ஆட்சியாளர்களைச் சேரும். ஆனால் அந்த விஷத்தை மண்ணில் வைத்தது மனிதனல்ல.

ராணிப்பேட்டையின் கதை அதுவல்ல. இங்கே விஷத்தைக் கொட்டியது மனிதன். லாபத்துக்காகக் கொட்டினான்.

ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குச் சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. முழுதாகப் பதனிட்டு அனுப்பினால் அந்நியச் செலாவணி குவியும் என்றார்கள். குரோமிய உப்பு டேனரிகளில் பரவியது. அந்த உப்பைத் தயாரிக்க ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை எழுந்தது. 1990-களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. லாபம் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு மட்டும் ஜனங்களுக்கு மிச்சம்! கால் நூற்றாண்டு தாண்டியும் அது அகற்றப்படாமல் மலைபோல் கிடந்தது. மழை பெய்யும் போதெல்லாம் அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் கரைந்து, மஞ்சள் நீராக மண்ணுக்குள் இறங்கியது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டது. செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இடம்பெற்றது. நம் ஜில்லாவுக்குக் கிடைத்த உலகப் புகழ் இதுதான்!

இந்தக் குரோமியம் தோலில் பட்டால் புண்ணாகும், லேசில் ஆறாது. தூசியாக மூக்கில் ஏறினால் மூக்கின் நடுத்தண்டு ஓட்டை விழும். சுவாசத்தில் தொடர்ந்து கலந்தால் நுரையீரலில் புற்றுநோய் வரும். டேனரிக் கழிவிலுள்ள உப்போ கிணற்றைக் கரிக்கச் செய்து பயிரைக் கருக்கும். பாலாற்றங்கரை விவசாயி இதை எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தன் நிலத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்றது கோர்ட். பிறகு நஷ்ட ஈடு கணக்குப் போட்டார்கள்: வேலூர் ஜில்லாவில் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள், தோழர்களே! தலைக்கு 9,200 ரூபாய்கூட வரவில்லை. பாழான கிணற்றுக்கும் கருகிய வயலுக்கும் கெட்ட உடம்புக்கும் சேர்த்து இதுதான் விலை! அந்த அற்பத் தொகையும் எல்லோர் கைக்கும் போய்ச் சேரவில்லை. பாக்கியை ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூல் செய்யுங்கள் என்று 2025 ஜனவரி 30 அன்று சுப்ரீம் கோர்ட் மறுபடியும் உத்தரவிட வேண்டி வந்தது. முதல் தீர்ப்பன்று பிறந்த குழந்தைக்கு அன்று இருபத்தெட்டு வயது!

'தோல் தொழில்தானே ஊருக்குச் சோறு போடுகிறது? அதை மூடச் சொல்கிறாயா?' என்று கேட்கிறார்கள் முதலாளிகள். அய்யா, சோறு போடுவது தொழிலாளியின் கை, உங்கள் கருணையல்ல. அந்தத் தொழிலாளியை நீங்கள் எப்படி வைத்திருந்தீர்கள்? 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். அவர்களில் ஒன்பது பேர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். விவசாயியின் கிணற்றைக் கெடுத்த கழிவுதான் தொழிலாளியின் உயிரையும் குடித்தது. இருவருக்கும் எதிரி ஒன்றே. 'டேனரியை மூடினால் வேலை போகும்' என்று தொழிலாளியையும், 'தொழிலாளிதான் உன் தண்ணீரைக் கெடுத்தான்' என்று விவசாயியையும் தூண்டிவிட்டு, நடுவில் நின்று பணப்பெட்டியைப் பூட்டிக்கொள்வது யார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

நாம் கேட்பது பிச்சையல்ல, நியாயம். குரோமியக் கழிவையும், அது ஊறிய மண்ணையும் நீரையும் முற்றாகச் சுத்தம் செய்! கிராமந்தோறும் கிணற்று நீரைச் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி ஊர்ச் சாவடியில் ஒட்டு! டேனரித் தொழிலாளர்களுக்கும் சுற்றுக் கிராமத்தாருக்கும் மருத்துவப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாகக் கொடு! நஷ்ட ஈட்டை ஒரு பைசா பாக்கியில்லாமல் கொடுத்து, முதலாளிகளிடம் வசூல் செய்! கழிவைச் சுத்திகரிக்காத டேனரியை நிறுத்தும் நாட்களுக்குத் தொழிலாளிக்கு முழுக் கூலி வாங்கிக் கொடு!

பாலாறு எந்த முதலாளிக்கும் பாட்டன் சொத்தல்ல. சோளிங்கரிலிருந்து வாணியம்பாடி வரை விவசாயியும் டேனரித் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்றால், முப்பது வருஷமாக ஃபைலில் தூங்கும் நியாயம் விழித்தெழும். அந்த வரிசையை இன்றே அமைப்போம்!