யாருடைய நாக்குக்கு யார் மார்க் போடுவது?

கூலிக்காரன் மகள் ஆங்கில மொழியியலில் எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், மூன்று விதமான கனவான்கள் வந்து வழிமறிக்கிறார்கள்.

ஒருவர் சொல்கிறார்: "இந்தப் படிப்பு சோறு போடுமா? கம்ப்யூட்டரோ நர்ஸிங்கோ படித்துச் சீக்கிரம் சம்பாதிக்கச் சொல்லுங்கள்." இன்னொருவர் சொல்கிறார்: "முதலில் உச்சரிப்பைச் சரி செய்துகொண்டு வரட்டும். மொழியியல் எல்லாம் அப்புறம்." மூன்றாமவர் நம்முடன் ஊர்வலத்தில் வருகிறவர். அவர் கேட்கிறார்: "ஆங்கிலம் ஏகாதிபத்தியத்தின் பாஷை. அதை ஆராய்ச்சி செய்வது உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு எதற்கு?"

மூவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இது ஒரு பட்டத்தைப் பற்றிய விவகாரம் மட்டுமல்ல. எவன் பேசுவது பேச்சு, எவன் பேசுவது உளறல் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யார் கையில் இருப்பது என்பதே இங்குள்ள பிரச்சினை.

முதலாமவருக்கு ஒரு கேள்வி. பங்களாவில் பிறந்தவன் எதைப் படித்தாலும் "ஆஹா, என்ன ரசனை!" என்கிறீர்கள். குடிசையில் பிறந்தவன் எதைப் படித்தாலும் "சோறு போடுமா?" என்கிறீர்கள். அறிவு உங்களுக்கு, அவசரச் சம்பாத்தியம் எங்களுக்கா? இந்தப் பாகப்பிரிவினையை யார் எழுதி வைத்தது? பள்ளிக்கூடம், அகராதி, கோர்ட்டு மொழிபெயர்ப்பு, பேச்சுக் குறையுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை, இயந்திரத்தைப் பேச வைக்கும் தொழில் என்று எங்கெல்லாம் மொழி இருக்கிறதோ அங்கெல்லாம் இந்தச் சாஸ்திரத்துக்கு வேலை உண்டு. ஆனால், வேலை கிடைக்கும் என்பதற்காக மட்டும் நாம் வாதாட வரவில்லை. படிப்பு உரிமை என்றால் எல்லாப் படிப்பும் உரிமைதான்.

இரண்டாமவர்தான் ஆபத்தானவர். அவர் உச்சரிப்பின் காவல்காரர். அவருக்குப் பதில் சொல்ல நாம் மேடைப் பேச்சைத் தேட வேண்டியதில்லை. அவர் அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைக்கிற பாடப்புத்தகத்திலேயே பதில் இருக்கிறது.

1962-ல் வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க அறிஞர் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குள் நுழைந்தார். ஒன்று பணக்காரர்கள் போகும் சாக்ஸ். இன்னொன்று நடுத்தர வர்க்கத்தின் மேசிஸ். மூன்றாவது ஏழைகள் போகும் கிளைன். நான்காவது மாடியில் இருக்கும் ஒரு சரக்கைச் சொல்லி, அது எங்கே கிடைக்கும் என்று சிப்பந்திகளிடம் கேட்டார். "ஃபோர்த் ஃப்ளோர்" என்று பதில் வரும். அந்த இரண்டு சொல்லிலும் ரகரம் ஒலிக்கிறதா, விழுங்கப்படுகிறதா என்று குறித்துக்கொண்டார். இப்படி 264 பேர். சாக்ஸில் 62 சதவிகிதம் பேர் முழுக்கவோ ஓரளவோ ரகரத்தை உச்சரித்தார்கள். மேசிஸில் 51 சதவிகிதம். கிளைனில் 20 சதவிகிதம். கடைக்கு வருகிறவர்களின் பணம் இறங்க இறங்க, சிப்பந்தியின் வாயில் ரகரமும் இறங்கியது!

அப்படியானால் ரகரத்தை உச்சரிப்பதுதான் உயர்ந்த ஆங்கிலமா? கப்பலேறி லண்டனுக்குப் போங்கள். அங்கே கதை தலைகீழ். அங்கே கனவான்களின் உச்சரிப்பு ரகரத்தை விழுங்குகிறது. அதை விடாமல் உச்சரிக்கும் தென்மேற்கு இங்கிலாந்தின் விவசாயியைப் பட்டிக்காட்டான் என்று பரிகசிக்கிறார்கள். ஒரே எழுத்துத்தான். ஒரு நகரத்தில் அது பட்டு வேட்டி. மற்றொரு நகரத்தில் அதுவே கோவணம். இந்த மதிப்பு ஒலியிலிருந்து வந்ததா, பேசுகிறவனுடைய பணப்பெட்டியிலிருந்து வந்ததா? காவல்காரர் பதில் சொல்லட்டும்.

நம் ஊருக்கு வருவோம். கிராமத்துக் குழந்தை "இஸ்கூல்" என்கிறது. வகுப்பே சிரிக்கிறது, வாத்தியாரும் சிரிக்கிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? தமிழ்ச் சொல் இரண்டு மெய்யெழுத்துக்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்குவதில்லை. எந்தெந்த எழுத்து மொழிக்கு முதலில் வரும் என்று தொல்காப்பியம் விதி சொல்லியிருக்கிறது. அந்த விதியைப் புத்தகத்தில் படிக்காமலே குழந்தை அறிந்திருக்கிறது. ஆகவே முன்னால் ஓர் இகரத்தை வைத்துக்கொள்கிறது. லத்தீன் மொழியின் "ஸ்கோலா"வை ஸ்பெயின் தேசத்தவர் "எஸ்குவேலா" ஆக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்களும் முன்னால் ஓர் எகரத்தை வைத்து, பிறகு ஸகரத்தையும் கைவிட்டு, "எகோல்" என்கிறார்கள். ஒரு தேசமே செய்தால் அது இலக்கணம். எங்கள் குழந்தை செய்தால் அது தவறா? மொழியியல் படித்த வாத்தியார் சிரிக்க மாட்டார். குழந்தையின் நாக்கில் எந்த விதி வேலை செய்கிறது என்று கண்டு, ஆங்கிலத்தில் வேறு விதி இருப்பதை எடுத்துச் சொல்லுவார். பிள்ளை அவமானமின்றிக் கற்றுக்கொள்ளும்.

இது வெறும் வாதமல்ல. கோர்ட்டிலே வென்ற வாதம். அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் கறுப்பின மக்களின் ஏழைக் குழந்தைகள் வீட்டில் பேசும் ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடம் கணக்கிலேயே எடுக்கவில்லை. பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். அதே லபோவ் சாட்சி சொன்னார். அந்தப் பேச்சுக்கு ஒழுங்கான இலக்கணம் உண்டு என்பது கோர்ட்டில் எடுத்துரைக்கப்பட்டது. 1979-ல் தீர்ப்பு வந்தது: குழந்தைகளின் வீட்டுப் பேச்சை ஆசிரியர்கள் அறிந்துகொள்ள வேண்டும், அந்த அறிவை வைத்து அவர்களுக்கு வாசிக்கக் கற்பிக்க வேண்டும். ஏழைத் தாய்மாரின் போராட்டத்துக்கு மொழியியல் ஆயுதமாயிற்று.

இந்த அறிவு மக்களிடம் வராதவரை யாருக்கு லாபம்? நாக்கை வைத்து வியாபாரம் செய்கிறவர்களுக்குத்தான். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பரீட்சையைப் பாருங்கள். இந்த வழியாக பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய வேண்டுமானால் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 எடுக்க வேண்டும். அந்த மார்க்கின் ஆயுள் இரண்டே வருஷம். ஊசி மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு. ஊசி போடுகிறவளின் ஆங்கிலத்துக்கும் காலாவதித் தேதியாம்! 2021-ல் பிரிட்டிஷ் கவுன்சில் தன் இந்திய ஐ.இ.எல்.டி.எஸ். வியாபாரத்தை ஐ.டி.பி. என்ற ஆஸ்திரேலியக் கம்பெனிக்கு 13 கோடி பவுனுக்கு விற்றது. பரீட்சைக்கு வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகளின் பதைபதைப்புத்தான் இங்கே கைமாறிய சரக்கு.

அதுவும் போதாதென்று 2025-ல் இன்னொரு செய்தி வந்தது. டெலிபெர்ஃபார்மன்ஸ் என்ற பன்னாட்டு கால் சென்டர் கம்பெனி, இந்தியத் தொழிலாளி பேசப் பேசவே அவன் தொனியை மாற்றி அமெரிக்கன் காதுக்கு இதமாக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்திருக்கிறது. இரவெல்லாம் கண்விழிக்கும் உழைப்பு வேண்டுமாம். உழைப்பவனின் குரல் மட்டும் வேண்டாமாம்!

இப்போது மூன்றாமவரிடம் வருவோம். அவர் நம் நண்பர். ஆகவே பொறுமையாகப் பேசுவோம்.

ஆங்கிலப் படிப்பில் ஏகாதிபத்தியத்தின் கை இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1835-ல் மெக்காலே தம் குறிப்பை எழுதிய நாளிலிருந்தே அந்தக் கை இருக்கிறது. 1958-ல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கிலக் கழகம் ஏற்பட்டபோது பிரிட்டிஷ் கவுன்சிலும் அமெரிக்க ஃபோர்டு ஃபவுண்டேஷனும் உதவிக்கு வந்தன. சும்மா வருவார்களா? அந்தக் கழகம்தான் 2007-ல் மத்திய சர்வகலாசாலையாயிற்று. ஆனால், இந்தத் தந்திரத்தை அம்பலப்படுத்தியது யார்? பிரிட்டிஷ் கவுன்சிலிலேயே வேலை பார்த்த ராபர்ட் ஃபிலிப்ஸன் என்ற மொழி அறிஞர்தான் 1992-ல் "மொழி ஏகாதிபத்தியம்" என்று புத்தகத்துக்கே பெயர் வைத்து எழுதினார். எதிரியின் கோட்டைக்கு வரைபடம் வேண்டுமானால், அதைப் படித்தவன்தான் வரைய முடியும்.

ஆங்கிலத்தின் சரித்திரமும் எஜமானர்களின் சரித்திரம் மட்டுமல்ல. 1066-ல் நார்மண்டிப் பிரபுக்கள் இங்கிலாந்தை வென்றபின் பல தலைமுறைகளுக்கு அரண்மனையின் பாஷை பிரெஞ்சு. பண்ணையாளின் பாஷை ஆங்கிலம். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. தொழுவத்தில் மாட்டுக்குப் பெயர் "ஆக்ஸ்", அது பண்ணையாளின் சொல். மேஜையில் கறிக்குப் பெயர் "பீஃப்", அது பிரபுவின் சொல். ஆடும் அப்படித்தான்: மேய்க்கும்போது "ஷீப்", தின்னும்போது "மட்டன்". மேய்த்தவன் ஒருவன், தின்றவன் ஒருவன் என்று அகராதியே சாட்சி சொல்கிறது! மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, ஆகவே கோர்ட்டில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று 1362-ல் சட்டம் வந்தது. ஆங்கிலேயர்கள் 14-ம் நூற்றாண்டிலேயே பெற்ற அந்த நியாயத்தைத்தான் நாம் கேட்கிறோம். சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டசபை தீர்மானம் போட்டது. அது இன்னும் கோரிக்கையாகவே நிற்கிறது.

மார்க்சியவாதிகளுக்கு மொழியாராய்ச்சி அந்நியமும் அல்ல. பிராங்கிஷ் கிளைமொழியைப் பற்றி ஏங்கெல்ஸ் எழுதினார். இத்தாலியத் தோழர் கிராம்ஷி டூரின் சர்வகலாசாலையில் மொழியியல் மாணவராக இருந்தவர். மொழியே வர்க்கத்துக்கு வர்க்கம் வேறு என்று மார் என்பவர் சொல்லியிருந்தார். 1950-ல் ஸ்டாலின் அதை மறுத்து, மொழி சமுதாயம் முழுவதற்கும் பொது என்று எழுதினார். பொதுச் சொத்துத்தான், சந்தேகமில்லை. ஆனால், அந்தப் பொதுச் சொத்தில் யார் பங்கு உயர்த்தி, யார் பங்கு மட்டம் என்று மார்க் போடும் பென்சில் மட்டும் ஆளும் வர்க்கத்தின் கையில் இருக்கிறது. அந்தப் பென்சிலைப் பிடுங்கவே இந்தப் படிப்பு வேண்டும் என்கிறோம். ஆங்கிலத்தில் கற்ற இந்த வித்தையை நாளைக்கு நம் தமிழுக்கும் திருப்பலாம். சேரிப் பேச்சு, கொச்சை என்று சாதி பார்த்துத் தள்ளுகிறவர்களுக்கும் அப்போது பதில் கிடைக்கும்.

நம் கோரிக்கைகள் இவை. எம்.ஏ. ஆங்கிலம் என்ற பெயரில் பெரும்பாலும் இலக்கியத்தைக் கற்பித்து, மொழியியலுக்கு ஒன்றிரண்டு தாள்களை ஒதுக்குவது போதாது. சர்க்கார் கல்லூரிகளிலேயே முழு மொழியியல் எம்.ஏ. வேண்டும். மாணவர்கள் தங்கள் சொந்த ஊரின் பேச்சை ஆராய அதில் இடம் வேண்டும். பாடநூல்கள் தமிழிலும் வர வேண்டும். சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் முதல் பட்டம் வரைக்கும் என்றுதான் வகுத்தார்கள். எம்.ஏ. படிக்கிறவளுக்குப் பசிக்காதா? அதுவரைக்கும் உதவித்தொகையும் விடுதியும் வேண்டும். ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் மொழியியல் கட்டாயமாக வேண்டும்.

மாணவர் தோழர்களே! ஆசிரியர் தோழர்களே! உங்கள் கல்லூரிகளில் இந்தக் கோரிக்கைகளை எழுப்புங்கள். கையெழுத்து வாங்குங்கள், கூட்டம் போடுங்கள். இந்த நாட்டின் நெல்லையும் நூலையும் விளைவித்த மக்களுக்குத் தங்கள் நாக்கைப் பற்றி வெட்கப்பட ஒரு காரணமும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களே!