கேங்மேன் பணக்காரரா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் பகுதிகளில் மிட்டாய் கொடுக்கிறோம். தெருமுனையில் பிள்ளைகளின் படம் போட்டுப் பாராட்டுப் பலகை வைக்கிறோம். அந்த மகிழ்ச்சியெல்லாம் கல்லூரிக் கட்டணச் சீட்டு கைக்கு வரும் வரைதான். அதன்பின் வட்டிக்காரர் வாசலில் போய் நிற்பது யார்? மிட்டாய் கொடுத்த அதே தகப்பன்தான்!

நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை ஒன்று உண்டு. 2008ல் தொடங்கிய திட்டம் இது. தம் தேர்வு வாரியத்தில், தம் பாடப்பிரிவில், முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்தவர்கள் மனுச் செய்யலாம். ஆண்டுக்கு 82,000 பேரைப் புதிதாகச் சேர்க்கிறார்கள். அதில் பாதி இடம் பெண்பிள்ளைகளுக்கு. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதாவது மாதம் ஆயிரம், மேற்படிப்புக்கு 20,000. பிள்ளை எந்த வாரியத்தில் படித்ததோ அந்த வாரியத்தின் கணக்கில் சேரும். அப்பனின் சொந்த ஊர் எது என்று கேட்பதில்லை. பிழைக்க வந்த நமக்கு இது பெரிய காரியம்.

ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டில்தான் நாம் இடறி விழுகிறோம்.

சம்பளப் பட்டியல் பார்ப்பது என் தொழில். ஒரு கணக்குப் போடுவோம். 7வது ஊதியக் குழுவின்படி ரயில்வேயில் கடைநிலை ஊழியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 விழுக்காடு ஆயிற்று: 9,000. மும்பையில் வீட்டு வாடகைப்படி 30 விழுக்காடு: 5,400. ஆக மாதம் 32,400, ஆண்டுக்கு 3,88,800. அவர் மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து மாதம் 6,000 கொண்டு வந்தால் ஆண்டுக்கு 72,000. கூட்டிப் பாருங்கள்: 4,60,800. கோடு தாண்டியாயிற்று!

இது புதிதாகச் சேர்ந்தவரின் கணக்கு. கல்லூரிக்குப் போகும் பிள்ளையை வைத்திருப்பவர் இருபது வருஷ இன்க்ரிமெண்ட் வாங்கியவர். மனைவி வேலைக்கே போகாவிட்டாலும் அவர் கோட்டுக்கு வெளியேதான். ரயில்வே தரும் பிள்ளைகள் கல்விப்படியும் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வெயிலிலும் மழையிலும் சுத்தியலைத் தோளில் போட்டுத் தண்டவாளத்தில் நடக்கும் கேங்மேன், சர்க்கார் கணக்கில் பணக்காரர்!

இதே மத்திய அரசு 2019ல் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு இட ஒதுக்கீடு தந்தபோது வைத்த வரம்பு 8 லட்சம். 2025 பட்ஜெட்டில், புதிய முறையில் கணக்குக் காட்டினால் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றது. இட ஒதுக்கீட்டுக்கு ஒரு படி, வரிக்கு ஒரு படி, படித்த பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க மட்டும் ஒரு சின்னப் படியா? 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு 2024ல் ஒரு திட்டம் வந்தது. அது உதவித்தொகையல்ல, கல்விக் கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை. நம் பிள்ளையின் மார்க்குக்குப் பரிசு கடன் பத்திரம்!

சென்ற ஆண்டு தனியார் கிடங்கில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் மனுவோடு வந்தார். மகள் 91 விழுக்காடு. "அண்ணே, வீட்டுக்காரி சம்பளத்தை எழுதாம விட்டா என்ன? அதுக்கு ரசீதா இருக்கு?" என்றார். அந்த அம்மாள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். விடியுமுன் எழுந்து, வீடு வீடாகப் போய் உழைத்து, மகளைப் படிக்க வைத்தவர். அவர் உழைப்பை 'இல்லை' என்று எழுதினால்தான் மகளுக்கு உதவி என்றால், அது என்ன விதி? உள்ளதையே எழுதினோம். உதவித்தொகை வரவில்லை. அந்தத் தோழர் இன்றும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"பரம ஏழைக்கே போதவில்லை, சம்பளக்காரனுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. 82,000 என்ற எண்ணிக்கையை அப்படியே வைத்துவிட்டு வரம்பை மட்டும் உயர்த்தினால், நம் பிள்ளை ஏழைப் பிள்ளையின் தட்டில் கை வைத்ததாகத்தான் ஆகும். அதை நாம் கேட்கவில்லை. நாம் கேட்பவை மூன்று:

1. வருமான வரம்பை 8 லட்சமாக்கு. அகவிலைப்படி ஏறும்போது அதையும் ஏற்று.
2. அதற்கேற்ப உதவித்தொகைகளின் எண்ணிக்கையைக் கூட்டு.
3. மாதம் ஆயிரம் என்பதைக் கல்லூரிச் செலவுக்குத் தக்கபடி உயர்த்து.

நம் பக்கக் குறையையும் சொல்ல வேண்டும். தகுதியிருந்தும் மனுப் போடாத குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். மகாராஷ்டிர அரசின் ராஜரிஷி சாகு கட்டணச் சலுகைக்கு வருமான வரம்பு 8 லட்சம். ஆனால் டொமிசைல் சான்றிதழ் வேண்டும். முப்பது வருஷம் இந்த மண்ணில் வேர்வை சிந்தியவர்கூட, அட்மிஷனுக்கு முந்தின நாள்தான் அந்தக் காகிதத்தைத் தேடி ஓடுகிறார். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே டொமிசைல் எடுத்து வையுங்கள். வருமானச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். வங்கிக் கணக்கில் ஆதாரை இணையுங்கள். மத்திய உதவித்தொகை கிடைத்தவர்கள் அடுத்த ஆண்டு புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

தோழர்களே, தாய்மார்களே! காகிதம் நம் கையில் இருந்தால்தான் கோரிக்கை நம் வாயில் நிற்கும். மனுப் போடுங்கள். தள்ளுபடியானால் அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். அத்தனை தாள்களையும் ஒரு கட்டாகக் கட்டி, நம் பாராளுமன்ற உறுப்பினரின் மேசையில் கொண்டு போய் வைப்போம். கேங்மேன் பணக்காரரா என்று அவரையே கேட்போம்!