பிக்கப்பை எவ்வளவு இறக்கலாம்?

பிக்கப்பை இறக்கி ஓடுற பெடியளைக் கண்டால் எங்கட ஊர்ப் பெரியாக்களிட்ட ரெண்டு வசனம் தயாரா இருக்கும். ஒண்டு, "காசு கூடிப்போச்சு." மற்றது, "உந்த ரோட்டுக்கு உது தேவையோ?" நாங்கள் அந்தப் பக்கம் இல்லை. வெறுமையா நிக்கிற பிக்கப் எப்பவும் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டுதான் நிக்கும். சுமை ஏறினால்தான் அது சமனா வரும், அப்பிடித்தான் அதைக் கட்டியிருக்கிறாங்கள். அதைக் கொஞ்சம் பதிவா நிப்பாட்டினால் பார்க்க வடிவு, வளைவில சாயிறதும் குறையும். இந்த ரசனையில ஒரு பிழையும் இல்லை. எங்கட சண்டை, இறக்கிற விதத்தோட.

இஞ்ச கன இடத்தில "இறக்கிறது" எண்டால் என்ன நடக்குது? முன் கொயில் ஸ்பிரிங்கில ஒண்டரைச் சுத்தை அறுக்கிறது. இல்லாட்டி காஸ் வெல்டிங் நெருப்பால சூடாக்கி அமர விடுறது. பின்னுக்கு ஸ்பிரிங் தட்டுகளில ரெண்டைக் கழட்டி எறியிறது. ஒரு பின்னேரத்தில வேலை முடிஞ்சிடும், செலவும் குறைவு. ஆனால் நெருப்புப் பட்ட ஸ்பிரிங் தன்ர பதத்தை இழந்திடும். பிறகு அது எவ்வளவு அமரும், எப்ப முறியும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேலாது. தட்டுக் கழட்டின வாகனம் அதே வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகேக்க, மிச்சமிருக்கிற தட்டுகள்தான் முழுப் பாரத்தையும் தாங்கவேணும். இதையெல்லாம் நாங்கள் இறக்கிறது எண்டு சொல்லமாட்டம். வாகனத்தின்ர ஒரு பகுதியை அழிக்கிறது எண்டுதான் சொல்லுவம்.

கிட் எண்டு வாங்கிறது வேற சங்கதி. 2/4 எண்டு ஒரு கிட்டில போட்டிருந்தால் முன்னுக்கு 2 அங்குலம், பின்னுக்கு 4 அங்குலம் இறங்கும் எண்டு அர்த்தம். பின்னுக்கு ஏன் கூட எண்டு மேல சொல்லிட்டம். இந்தக் கணக்கு கலிபோர்னியாவில இருந்து வந்தது. 1970, 80களில அங்கத்த இளம் பெடியள் டட்சன், டொயோட்டா, மஸ்டா எண்டு சின்ன யப்பான் பிக்கப்புகளை வாங்கி இறக்கி ஓடினவை. அதுக்கும் முதலே, 1950களின்ர கடைசியில, அங்க ஒரு சட்டம் வந்தது: வாகனத்தின்ர எந்தப் பகுதியும் சில்லு வளையத்தின்ர அடிமட்டத்துக்குக் கீழ போகக்கூடாது. பதிவான கார்களில ஊர்வலம் போன மெக்சிக்க அமெரிக்க இளைஞர்களைக் குறிவைச்ச சட்டம் எண்டுதான் கன பேர் சொல்லுவினம். அந்த அரசியலை விட்டாலும் அதுக்குள்ள நல்ல அளவுகோல் ஒண்டு இருக்கு. டயர் வெடிச்சால் வாகனம் வெறும் வளையத்தில ஓடும். அந்த நேரம் சசியோ, ஒயில் சம்போ தாரில உரசக்கூடாது. சட்டம் இருக்கோ இல்லையோ, இதை நாங்களே எங்கட வாகனத்தில அளந்து பார்க்கலாம்.

கிட் தேடமுதல் ஒருக்கா வாகனத்துக்குக் கீழ படுத்துப் பாருங்கோ. பின் அக்சில் ஸ்பிரிங் தட்டுக்கு மேல இருக்கோ, கீழ இருக்கோ? எல்லாம் அதிலதான் தங்கியிருக்கு. மேல இருந்தால் ரெண்டுக்கும் நடுவில ஒரு இரும்புக் கட்டை வைச்சாலே வாகனம் இறங்கும். கீழ இருந்தால் அதே கட்டை வாகனத்தைத் தூக்கிப்போடும்! அப்ப அக்சிலைத் தட்டுக்கு மேல மாத்திற கிட் வேணும். அது ஒரேயடியா ஐந்து, ஆறு அங்குலம் இறக்கும். அவ்வளவு இறங்கினால் அக்சில் சசியில இடிக்கும், சசியை அரைவட்டமா வெட்டிப் பலப்படுத்தவேணும். அந்த வெட்டு வேண்டாம், கிட் மட்டும் போடுவம் எண்டு சொல்லுற கராஜ்காரரிட்ட வாகனத்தைக் குடுக்காதேங்கோ. கட்டைக்கு மேல கட்டை அடுக்கிறதும், பலகைத் துண்டு செருகிறதும் பேசவே தேவையில்லாத விசயம். யூ போல்ட் புதுசா, சரியான நீளத்தில இருக்கவேணும், சில நூறு கிலோமீற்றர் ஓடினபிறகு திரும்ப இறுக்கவும் வேணும்.

முன்பக்கத்தில பழைய ஹைலக்ஸ் வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு சபலம் இருக்கு. 2005க்கு முந்தின கன மொடல்களில முன்னுக்குக் கொயில் இல்லை, முறுக்குக் கம்பிதான். ஒரு போல்டைத் தளர்த்தினால் முன்பக்கம் இறங்கிடும், சதமும் செலவில்லை. ஆனால் கம்பியின்ர விறைப்பு மாறாது. சில்லு மேல எழும்ப இருந்த இடம்தான் குறையும். கொஞ்சம் கூடத் தளர்த்தினால் ஒவ்வொரு குழியிலயும் ரப்பர் தடுப்பில இடிச்சு இடிச்சுப் போகும், டயரின்ர உள்விளிம்பும் தேயும். ஒரு அங்குலத்துக்குக் கிட்ட எண்டால் தளர்த்தி, அலைன்மென்ட் செய்து ஓடலாம். அதுக்கு மேல வேணுமெண்டால், சில்லுப் பூட்டுற அச்சையே மேல உயர்த்தின ஸ்பிண்டில் வாங்கிறதுதான் முறை. விலை கூடத்தான்.

இப்ப எங்கட முக்கியமான கோபத்துக்கு வாறம். பிரேக்.

கன பிக்கப்புகளில பின் அக்சிலுக்கும் சசிக்கும் நடுவில மெல்லிய கம்பி ஒண்டு போகும். அதின்ர மேல் நுனி பிரேக் வால்வு ஒண்டோட பூட்டியிருக்கும். சுமை ஏறச் சசி கீழ வரும், கம்பி அசையும், வால்வு பின் பிரேக்குக்குக் கூட அமுக்கம் விடும். வெறுமையா இருக்கேக்க அமுக்கத்தைக் குறைக்கும், பாரமில்லாத பின்சில்லு லேசில இறுகி வழுக்கும் எண்டபடியால். நல்ல ஏற்பாடு. இப்ப வாகனத்தை நாலு அங்குலம் இறக்கினால் அந்த வால்வுக்கு என்ன விளங்கும்? பெட்டி நிறையச் சாமான் இருக்கு எண்டு விளங்கும். வெறும் வாகனத்துக்கு முழுச் சுமை பிரேக் குடுக்கும். கார்த்திகை மழையில ஏ9 ரோட்டில மாடு ஒண்டு குறுக்க வந்து நீங்கள் பிரேக்கை மிதிச்சால், பின்சில்லு முதல் இறுகி வால் பக்கம் சுழண்டு வரும். கம்பியின்ர தாங்கியைப் புது உயரத்துக்கு ஏத்தமாதிரி மாத்தினால் இது சரிவரும். பெரிய வேலையும் இல்லை. ஆனால் இறக்கின பிக்கப்புகளின்ர படம் போடுற ஆக்கள் சில்லு, நிறம், உயரம் எல்லாம் எழுதுகினம், இந்தக் கம்பியைப்பற்றி ஒரு வரி காணேல்லை. தெரியாமல் சிலர் அதைக் கழட்டிக் கட்டியும் விடுகினம்.

லைட்டும் அப்பிடித்தான். முன்னைவிடப் பின்னுக்குக் கூட இறக்கினால் மூக்கு உயரும், வெளிச்சம் எதிர வாறவரின்ர கண்ணுக்குள்ள போகும். சைக்கிளில வாற மனுசன் என்ன செய்யிறது? ஸ்குரூ ஒண்டைத் திருப்பிச் சரிசெய்யலாம், தயவுசெய்து செய்யுங்கோ.

வெள்ளம் வந்தால் இறக்கின வாகனத்தின்ர டிஃபரன்சல் முதல் மூழ்கும் எண்டு சிலர் பயப்படுத்துவினம். அது பிழை. டிஃபரன்சல் அக்சிலோட இருக்கிறது, டயரை மாத்தாட்டி அதின்ர உயரம் மாறாது. கீழ வாறது உடம்பும், சைலன்சரும், இன்ஜினும்.

அப்ப எதை எடுக்கிறது? வாகனம் உழைக்கிற வாகனமெண்டால், 2 அங்குலத்துக்கு மேல வேண்டாம் எண்டதுதான் எங்கட முடிவு. பின்னுக்குக் கட்டை, முன்னுக்குச் சின்னச் சரிப்படுத்தல், அந்த நீளத்துக்கு ஏத்த சொக் அப்சோபர், கட்டையான ரப்பர் தடுப்பு, அலைன்மென்ட். தட்டு ஒண்டையும் கழட்டக்கூடாது. 4, 5 அங்குலம் வேணுமெண்டால் அந்தப் பிக்கப் இனிச் சுமை ஏற்றாது எண்டு வீட்டில எல்லாரும் ஒத்துக்கொண்டிருக்கவேணும், முக்கியமா அதில தோட்டத்துக்குப் போற அப்பா. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025இலதான் திரும்பத் திறந்தவை. அந்த இடைக்காலத்தில ஏறின விலையில, முத்தத்தில நிக்கிற பழைய பிக்கப்தான் கன வீடுகளில காணிக்கு அடுத்த பெரிய சொத்து. அறுத்த ஸ்பிரிங்கைத் திரும்ப ஒட்டேலாது. கட்டையைக் கழட்டிப் பழையபடி ஆக்கலாம். காப்புறுதிக் கொம்பனிக்கும் வேலை தொடங்கமுதலே எழுத்தில அறிவியுங்கோ.

கராஜுக்குப் போனவுடன விலையைக் கேக்காமல், "பிரேக் வால்வுக் கம்பியை என்ன செய்வியள் அண்ணை?" எண்டு கேளுங்கோ. "அது ஒண்டும் தேவையில்லை தம்பி" எண்டு மறுமொழி வந்தால் திறப்பை வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கோ.